விலாசம் சொன்ன ஜெபம்

அவளுக்கு ஆமென் அக்கா என்று பெயர் வைத்தவன் சலவைக்கூடத்து டிரையர்காரன். மெஷின் ஓடினாலும் ஆமென், நின்றுபோனாலும் ஆமென், சாப்பாட்டு மணி அடித்தாலும் ஆமென் என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் கேலிக்காக வைத்தான். அவளோ அதைக் கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய பட்டம் போல எடுத்துக்கொண்டாள். சம்பளச் சீட்டில் அச்சாகி வராவிட்டால், ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும்.

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். மேலே விருந்தாளிகள் புரண்டு எழுந்த படுக்கை விரிப்புகளெல்லாம் சுவருக்குள் ஓடும் தகரக் குழாய் வழியாகச் சரசரவென்று கீழே வந்து விழும். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று தேநீர் வாங்கப் போய் வந்தவர் சொன்னால்தான் தெரியும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை ஆமென் அக்கா ஒரு பக்கமும் அவளுடைய ஜோடி மறுபக்கமும் பிடித்து, விளிம்பை இழுத்து நேராக்கி, ஆவியில் கொதிக்கும் ரோலருக்குள் விட வேண்டும். ஒருத்தி கை முந்தினாலும் போச்சு. விழுந்த சுருக்கம் சுருக்கமாகவே வெந்து வெளியே வரும். ரோலரை விட்டு வந்த விரிப்பை மடிப்பதும் அதே ஜோடிதான். மூலையோடு மூலை சேர்க்க இருவரும் எதிரெதிரே நடந்து வர வேண்டும். கட்டின புருஷன் முகத்தைக்கூட ஆமென் அக்கா அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அந்த ஜோடிக்கு நெட்டை என்று பெயர். கதவுநிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவாள். ஆமென் அக்காவைவிடச் சின்னவள், சாமியும் வேறு. "உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு, ரோலர் ரெண்டு பேருக்கும் பொது" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னாள். அதற்குப் பிறகு சாமி விஷயத்தில் இருவருக்கும் தகராறு வந்ததே இல்லை.

தகராறெல்லாம் மற்றவர்களோடுதான். திங்கட்கிழமை காலையானால் டிரையர்காரனுக்கு நாக்கு அரிக்கும். "என்னக்கா, நேத்து எத்தனை தலை விழுந்துச்சு வலையில? தலைக்கு எவ்வளவு கமிஷன்?" என்பான். "உன் தலையைக் கொண்டுபோனா எனக்குத்தான்டா அபராதம் போடுவாங்க, உள்ள ஒண்ணுமே இல்லையேன்னு" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். கூடமே சிரிக்கும். ஆனால் அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும். சாப்பாட்டு நேரத்திலும் அதையே சொல்லிச் சொல்லிக் கறுவுவாள்.

எரியாமல் எப்படி இருக்கும்? அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். கேட்பார் இல்லாத நோயாளிகளின் புண்ணை, மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது, வெந்நீர் வைத்துக் கழுவுவாள். ஒருவரிடமும் ஒரு வேதவசனம் சொன்னதில்லை. எழுதப் படிக்கவே தெரியாது. அப்படிப்பட்டவளைத்தான், "ஆள் பிடிக்க வந்திருக்கா, சும்மாவா கழுவுவா?" என்று வார்டே பேசியது. அம்மா கேட்டும் கேளாததுபோல வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பள்ளிக்கூடச் சீருடையோடு அம்மாவைக் கூட்டிப்போக வந்து நின்ற மகளுக்கு அது பொறுக்கவில்லை. அம்மா விழுங்கின பதிலையெல்லாம் சேர்த்து நான் சொல்வேன் என்று அந்த வயதில் முடிவெடுத்தாள். அன்றிலிருந்து இவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. பஸ்ஸில், ரேஷன் வரிசையில், வீடு வாடகைக்குக் கேட்கப் போன இடத்தில் என்று ஒருவரையும் விட்டதில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இவள் ஊர் வாயை மூடியே தீருவது என்று கிளம்பியவள்.

நெட்டையின் மகள் புருஷன் வீட்டை விட்டு ஓடி வந்த செய்தி ரோலர் பக்கத்தில்தான் சொல்லப்பட்டது. மெஷின் இரைச்சலில் மூன்றாவது காதுக்கு எட்டாது. மூலையோடு மூலை சேர்க்க நெருங்கி வரும்போது ஒரு வாக்கியம், விலகிப் போய் அடுத்த விரிப்பை எடுத்து வந்து இன்னொரு வாக்கியம் என்று நெட்டை சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அடியாம். சோற்றில் உப்பு குறைந்தால் அடி, போனில் சார்ஜ் குறைந்தால் அடி. அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கட்டின துணியோடு வந்திருக்கிறாள்.

"வீட்ல வெச்சா தேடி வருவான்னு எங்க பெரியக்கா வீட்ல விட்டிருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, தையல்கடை மாடி. உன்கிட்ட மட்டும்தான்கா சொல்றேன்."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?" என்றாள் ஆமென் அக்கா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றால் மனிதர்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் அவள் அகராதியில் அர்த்தம். கூட்டு ஜெபம் அந்தக் கணக்கிலேயே வராது.

இங்கேதான் கோளாறு. அவர்களுடைய வெள்ளிக்கிழமை ஜெபம் ஒரு வீட்டு முன்னறையில் நடக்கும். அந்த வீட்டுக்காரிதான் தலைவி. பேச்சுக்குப் பேச்சு "எனக்குள்ள ஒரு பாரம்" என்பதால், முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பாரம் அம்மா என்று பெயர். பாட்டு முடிந்ததும், "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்பாள். ஆளாளுக்கு ஆரம்பிப்பார்கள். அடுத்த வீட்டுக்காரன் குடி, அத்தை மகனின் கடன், மாடி வீட்டுப் பெண் கர்ப்பம் கலைந்தது எல்லாம் வரும். இதையே வாசலில் நின்று பேசினால் புறணி. கண்ணை மூடிக்கொண்டு பேசினால் ஜெபக் குறிப்பு. கதை சூடாக இருந்தால் "ஆண்டவரே!" என்ற பெருமூச்சும் பலமாக வரும். அந்தப் பெருமூச்சுக்காகவே ஒரு பிடி கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. அதை ஒருவர்கூடத் தப்பென்று நினைத்ததில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"என்னோட வேலை பாக்கிற ஒரு சகோதரி. அவங்க பொண்ணு" என்று ஆமென் அக்கா தொடங்கினாள். பேரைச் சொல்லவில்லை. அவளோடு ஜோடி சேர்ந்து வேலை பார்க்கிறவள் ஒருத்திதான் என்று அந்த அறைக்கே தெரியும்.

"குறிப்பா ஜெபிச்சாத்தான் சகோதரி, குறிப்பா பதில் வரும். பிள்ளை இப்ப எங்க இருக்கு?" என்றாள் பாரம் அம்மா.

இவள் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தையல்கடை மாடி, பெரியம்மா வீடு. எல்லாரும் கண்ணை மூடினார்கள். இவள் அழுதாள். வேஷம் இல்லை, அந்தப் பெண்ணுக்காக நெஞ்சு உருகித்தான் அழுதாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடுத்தது இன்னொருத்தி பெற்ற பெண்ணை.

அடுத்த வாரத்தில் ஒரு காலை நெட்டை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். ஆமென் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ரோலரை விட்டு வந்த விரிப்பெல்லாம் கோணல். "என்னம்மா இது, விரிப்பா சுருக்குப்பையா?" என்று சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போனார்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் ஆமென் அக்கா.

"உங்க ஜெபம் நல்லா வேலை செஞ்சிடுச்சுங்க."

அந்த 'உங்க'வே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நெட்டை விரிப்பை விடவில்லை. மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டே பேசினாள். "நேத்து சாயங்காலம் வந்தான். கதவை உடைச்சான். குறுக்க வந்த எங்க அக்காவைத் தள்ளிவிட்டுட்டு, பொண்ணு கையை முறுக்கி ஒடிச்சுட்டான். தையல்கடை ஆளுங்க ஓடி வரலைன்னா கொன்னே போட்டிருப்பான். போறப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'நீ எங்க போய் ஒளிஞ்சாலும் ஜெபத்துல விலாசம் சொல்லிடுவாங்கடி, எங்க சித்தி போனுக்கே வந்துடும்'னு சிரிச்சானாம்."

ஆமென் அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"நான் பேரே சொல்லலைடி! நல்லதுக்குத்தானே ஜெபம் பண்ணச் சொன்னேன்!"

"நல்லதுக்கா? எரியற வீட்ல புடுங்கினது லாபம்னு அலையற கூட்டம் உங்க கூட்டம். அடுத்தவ கண்ணீர்னா உங்களுக்கு இனிக்கும். ஊரே சொல்லிச்சு, நான்தான் நம்பலை."

"என்னைத் திட்டுடி, செருப்பால அடி. சபையை இழுக்காத! யாரோ ஒருத்தர் பண்ணினதுக்கு—"

"உங்க சாமிக்கு விலாசம் தெரியாதா? நீங்க சொல்லித்தான் தெரியணுமா?" நெட்டையின் குரல் ரோலர் இரைச்சலுக்கு மேலே எழும்பியது. டிரையர்காரன்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். "இவ்வளவு நேரமா உங்க சபைக்கு வக்காலத்து வாங்கறீங்க. பொண்ணு எப்படி இருக்கான்னு இன்னும் கேக்கலை. கவனிச்சீங்களா?"

நெட்டை விரிப்பைப் போட்டுவிட்டுத் துவைக்கும் பக்கம் போனாள். ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் அவளை மறுபடி இங்கேயே அனுப்பினார். பொழுது சாயும்வரை இருவரும் எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்தார்கள். விரல் படாமல் துணியை வாங்க நெட்டை பழகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆமென் அக்கா போனைத் திறந்தாள். ஜெபக் குழுவில் வெள்ளிக்கிழமை இரவே பாரம் அம்மா போட்ட செய்தி இருந்தது. தையல்கடை, மாடி, பெரியம்மா எல்லாம் இருந்தது. 'குடும்பம் ஒன்றுசேர ஊக்கமாய் ஜெபியுங்கள், அறிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்' என்று கும்பிடும் கைகள் வரிசையாகப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஆமென், ஆமென், ஆமென். முதல் ஆமென் இவளுடையதுதான். படிக்காமலே போட்டிருக்கிறாள்.

"அந்தப் பொம்பளையை நான் சும்மா விடப்போறதில்லை. எழுதினது அவதானே!" என்று குதித்தாள்.

அவள் புருஷன் பேட்டரி கடையில் வேலை செய்கிறவர். வாயைத் திறக்க வாடகை கேட்கும் ரகம். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ சொல்லாம அவ எப்படி எழுதினா?" என்றார். அதோடு அன்றைக்குப் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டு முடிந்தது. குறிப்புக் கேட்பதற்கு முன்னாலேயே பாரம் அம்மா இவள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பால்.

"நல்ல செய்தி சகோதரி! அந்தப் பையன் போதகர்கிட்ட வந்து முழங்கால் போட்டு அழுதிருக்கான். மனசு மாறிட்டான். அந்தப் பொண்ணேதான் போன் பண்ணி விலாசம் சொல்லிக் கூப்பிட்டிருக்கு. போன இடத்துல வாய்த் தகராறு, கைகலப்பு. ஸ்டேஷன்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கான். சேர்த்து வெச்சுட்டா எவ்வளவு பெரிய சாட்சி!"

"அந்தப் பொண்ணு கூப்பிடலை. விலாசத்தைச் சொன்னது நான். ஊருக்கு அனுப்பினது நீங்க" என்றாள் ஆமென் அக்கா.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நம்ம ஜெபத்தால வந்ததுன்னு வெளிய தெரிஞ்சா சபைப் பேரு என்ன ஆகும்? ஏற்கெனவே நம்மளைப் பத்தி என்னென்ன பேசறாங்க. நாமளே ஊர் வாய்க்கு அவல் போடலாமா? நீங்கதான் எப்பவும் நமக்காக வைராக்கியமாப் பேசறவங்க."

அந்தப் புகழ்ச்சியில்தான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக அவள் சண்டை போட்டுக் காப்பாற்றிய நல்ல பெயர் இப்போது ஒரு கையொடித்தவனுக்குப் போர்வையாகப் போகிறது. அவள் எழுந்து நின்றாள்.

"பேசட்டும். பேசறதுல இது உண்மை. நம்மளைப் பத்தி ஊரு சொல்ற பொய்க்கெல்லாம் நான் சண்டை போட்டேன். உண்மைக்கும் சேர்த்து சண்டை போட்டிருக்கேன்னு இப்பதான் தெரியுது. எங்கம்மா புண்ணைக் கழுவினா, யார் புண்ணுன்னு வெளிய சொன்னதே இல்ல. நாம கழுவலை. கூட்டமா உக்காந்து புண்ணைத் திறந்து பாக்கறோம். அதுக்கு ஜெபம்னு பேரு!"

அறையில் ஒருவர்கூடப் பெருமூச்சு விடவில்லை.

"உங்க கோபம் ஆவிக்குரியது இல்ல, சகோதரி" என்றாள் பாரம் அம்மா. பால் திரிந்துவிட்டது. "மன்னிக்கத்தான் நமக்குச் சொல்லியிருக்கு."

"மன்னிக்க வேண்டியது அந்தப் பொண்ணு. ஒடிஞ்ச எலும்பு அவளோடது. அவ எலும்பை வெச்சு மன்னிப்பு வழங்க நீங்க யாரு, நான் யாரு? முதல்ல அந்தச் செய்தியை எல்லார் போன்லருந்தும் எடுங்க. நான் எடுக்கலை. எனக்கு அது ஸ்டேஷன்ல வேணும்."

பின்னால் யாரோ, "ஐயோ, ஸ்டேஷனா!" என்றார்கள். கையை உடைத்தான் என்றபோது வராத ஐயோ அது. அந்த ஐயோவைக் கேட்டதும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மறுநாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள் என்று நெட்டை வேலைக்கு வரவில்லை. மதியம் ஆமென் அக்காவும் விடுப்பு சொல்லிவிட்டு அங்கே போனாள். ஸ்டேஷனின் முன் கூடத்தில் ஒரு மரப் பெஞ்சு. நெட்டை மகளோடு உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் கை முழங்கையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. இந்தத் தடவை ஆமென் அக்கா முதலில் அவளிடம்தான் போனாள்.

"வலிக்குதாம்மா?"

பெண் தலையசைத்தாள். நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரி சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவைம்மா சொல்றது? நீதான் கூப்பிட்டேன்னு அவன் சொல்றான். நீ இல்லைங்கற. கூப்பிடாம அந்த வீடு அவனுக்கு எப்படித் தெரியும்? அதுக்குப் பதில் இல்லாட்டி இது புருஷன் பொண்டாட்டி சண்டை. பேசி முடிச்சுக்கோங்க."

"நான் சொன்னதால தெரியும்" என்றாள் ஆமென் அக்கா.

மேசை முன்னால் நின்று, மூச்சு விடாமல் சொன்னாள். ரோலர் பக்கத்தில் கேட்டது, ஜெபத்தில் சொன்னது, குழுவில் வந்தது, அது அவனுடைய சித்தி போனுக்குப் போய்ச் சேர்ந்தது. போனைத் திறந்து மேசைமேல் வைத்தாள். தன் ஆமென் கண்ணில் படும்படிதான் வைத்தாள்.

போலீஸ்காரி படித்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஓ, அந்தக் கூட்டமா நீங்க? எந்த வீட்ல சண்டை, எந்த வீட்ல சாவுன்னு மோப்பம் பிடிச்சுக்கிட்டே இருப்பீங்களே. காசு கொடுத்துக் கூப்பிட்டுப் போறது, நோயாளி காதுல ஓதறது. இப்ப என்ன, பொண்டாட்டியைக் காட்டிக் கொடுத்தா புருஷன் சபைக்கு வருவானா? வெக்கமா இல்ல? இங்க யாரைப் பிடிக்க வந்திருக்கீங்க, என்னையா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

ஆமென் அக்காவின் காது மடல் கொதித்தது. காசு கொடுத்து? அவள் அம்மா கடைசிவரை கிழிசலை ஒட்டுப்போட்டு உடுத்தினவள். நோயாளி காதில்? ஒரு நோயாளி காதிலும் அவள் ஓதியதில்லை. பதில் வந்து நாக்கு நுனியில் நின்றது, ஒன்றல்ல, ஒரு வண்டி. அந்தப் போலீஸ்காரியைத் தண்ணீர் கேட்க வைக்க அவளால் முடியும். ஆனால் அவள் வாயைத் திறந்தால் இந்த அறையில் பேச்சு சபையைப் பற்றியதாகிவிடும். மாவுக்கட்டைப் பற்றியதாக இருக்காது. விழுங்கினாள். அவள் விழுங்கிப் பழக்கமில்லாதவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டது, அத்தனையும் கோபம்.

"என்ன வேணா சொல்லுங்க மேடம், அப்புறம் நின்னு கேட்டுக்கறேன். இப்ப எழுதுங்க. இந்தப் பொண்ணு அவனைக் கூப்பிடலை. விலாசத்தைச் சொன்னது நான். என் பேரு, எங்க ஜெபக் குழு பேரு எல்லாம் போட்டு எழுதுங்க."

"எழுதறேன், எழுதறேன். என்ன அவசரம்? சொல்லித்தான் தீரணும்னு இன்னும் எத்தனை வீட்டுக் கதை வெச்சிருக்கீங்க? உங்களை மாதிரி ஆளுங்களை எல்லாம் வீட்டு வாசப்படி ஏற விட்டதே—"

பெஞ்சு தரையில் கிறீச்சிட்டது. நெட்டை எழுந்து வந்தாள். அவள் நிமிர்ந்து நின்றதும் போலீஸ்காரி கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஆமென் அக்காவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேடம், இவளைத் திட்டறதுக்கு நான் இருக்கேன். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நீங்க எழுதுங்க."

போலீஸ்காரி பேனாவை எடுத்தாள்.